21 வயசு சட்டமும் ஆணியில தொங்குற பைக் சாவியும்

தம்பி, நீ கேட்டது இதுதான். 18 வயசுல ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், அப்புறம் குடிக்க மட்டும் ஏன் 21, அதையும் 18 ஆக்கிட்டா பசங்க ஒளிஞ்சு மறைஞ்சு ஏற்காடு மேல போய் குடிச்சுட்டு வண்டியில இறங்குறது குறையும்ல, மாட்டினா என்னதான் பண்ணுவாங்கன்னு கேட்டிருக்கே. நான் சேலம் கோர்ட்ல 22 வருஷமா விபத்து நஷ்டஈடு கேஸ் பாக்குற வக்கீல். உன் வயசுப் பசங்க கேஸ் கட்டு என் மேஜைக்கு வராத மாசமே கிடையாது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படி.

முதல்ல நேரா பதில் சொல்லிடுறேன். 18 ஆக்கினா குறையாது, கூடத்தான் செய்யும். ஆனா 21னு எழுதி வச்சதாலயே உங்களையெல்லாம் காப்பாத்தியாச்சுன்னு பெரியவங்க நாங்க நிம்மதியா இருக்கோமே, அதுவும் தப்பு. குடிக்கிற வயசு பத்தின சட்டம் பாட்டில் கை மாறுற இடத்தோட நின்னுடுது, உயிர் போறது சாவி கை மாறுற இடத்துல. அந்த சாவியைக் குடுக்கிறது கடைக்காரன் இல்ல, நாங்க, அப்பா அம்மா.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாரு. தமிழ்நாட்டுல 2003ல சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில எடுத்தப்போ வந்த விதிகள்லயே 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு இருக்கு. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பாண்டிச்சேரியில 18, கேரளாவுல 23, டெல்லியில 25. அந்த விதி விக்கிறவன் கையைத்தான் கட்டுது, ஆனா நீயே கடை வாசல்ல நின்னு பார்த்திருப்பே, கம்பி வலைக்கு நடுவுல ஒரு சின்ன சந்து, அதுக்குள்ள பணம் வச்ச கை போகும், பாட்டிலோட கை வெளிய வரும், உள்ள இருக்கிறவருக்கு மூஞ்சி சரியா தெரியாது, பின்னாடி நிக்கிறவன் அவசரப்படுத்துறான், இதுல யாரு வயசு கேக்குறது. இல்லன்னா கூட்டத்துல 22 வயசு அண்ணன் ஒருத்தன் இருப்பான், அவன் வாங்கிட்டு வந்து குடுத்துடுவான். அந்த அண்ணனுக்கு ஒண்ணு தெரியாது. 18 வயசு ஆகாத பையனுக்கு மது வாங்கிக் குடுத்தா சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77ன்படி 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். பர்த்டே பார்ட்டியில தம்பிக்கு ஒரு பீர் ஊத்திக் குடுக்கிறது விளையாட்டுன்னு நினைச்சிட்டிருக்கான்.

நம்ம ஊருக்கு இந்த விஷயத்துல ஒரு பழைய தொடர்பு உண்டு. மெட்ராஸ் மாகாணத்துல மதுவிலக்கு முதன்முதல்ல வந்தது சேலம் மாவட்டத்துலதான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி முதல்வரா இருந்தப்போ. அதால போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939ல விற்பனை வரி கொண்டு வந்தார். அப்புறம் மதுவிலக்கை 1971ல எடுத்தாங்க, 1974ல திரும்பப் போட்டாங்க, 1981ல மறுபடி எடுத்தாங்க, 1983ல மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்துச்சு. முழுசா மூடுறதும் பார்த்தாச்சு, முழுசா திறக்கிறதும் பார்த்தாச்சு. நான் மூடணும்னோ திறக்கணும்னோ இங்க வாதாட வரல, என் கவலை வண்டி மேல ஏறுறவனைப் பத்தினது மட்டும்தான்.

இப்போ உன் 18 வாதத்துக்கு வர்றேன், ஏன்னா நீ சொன்ன அதே வாதத்தை அமெரிக்காவுல ஏற்கனவே சொல்லி, செஞ்சும் பார்த்துட்டாங்க. 1971ல அங்க ஓட்டுரிமை வயசை 21லேர்ந்து 18 ஆக்கினாங்க. உடனே, ஓட்டுப் போடத் தெரிஞ்சவனுக்கு குடிக்கத் தெரியாதான்னு கேட்டு, நிறைய மாநிலங்கள் குடிக்கிற வயசையும் 18, 19னு குறைச்சது. சின்ன வயசுப் பசங்க ஓட்டுற வண்டி விபத்து ஏறுச்சு. அதுல ஒரு கொடுமை என்னன்னா பக்கத்து மாநிலத்துல 21ஆ இருந்தா, பசங்க எல்லை தாண்டிப் போய் குடிச்சுட்டு ராத்திரி ஹைவேயில திரும்பி ஓட்டிட்டு வருவாங்க, அந்த எல்லை ரோடுகளுக்கு ரத்த எல்லைன்னே பேர் வந்துச்சு. 1980ல கலிஃபோர்னியாவுல கேண்டஸ் லைட்னர்ங்கிற அம்மாவோட 13 வயசுப் பொண்ணு கேரியை குடிச்சுட்டு ஓட்டினவன் அடிச்சுக் கொன்னுட்டான். அந்தம்மா தாய்மார்களைச் சேர்த்து இயக்கம் ஆரம்பிச்சாங்க, கடைசியில 1984ல ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் வந்துச்சு, வயசை 21 ஆக்காத மாநிலத்துக்கு மத்திய அரசு குடுக்கிற ரோடு நிதியில பிடித்தம். அமெரிக்க அரசியல் சட்டப்படி இதுல மத்திய அரசு மாநிலத்தை நேரா கட்டாயப்படுத்த முடியாது, அதனால பணத்துல கை வச்சாங்க. 1988க்குள்ள எல்லா மாநிலமும் 21. பசங்க சாவு இறங்குச்சு. சீட் பெல்ட், போலீஸ் சோதனைன்னு வேற காரணங்களும் அதே காலத்துல சேர்ந்ததுதான், ஆனா வயசு சட்டத்துக்கும் அதுல பங்கு இருக்குன்னு அங்க ஆராய்ஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க ஒத்துக்கிறாங்க.

நம்ம ஊர்லயும் ஓட்டு வயசு 21லதான் இருந்துச்சு, அரசியல் சட்டத்தோட 61ஆவது திருத்தத்துலதான் 18 ஆச்சு. ஓட்டுப் போடுறது அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை, நிதானமா, பகல்ல, வரிசையில நின்னு செய்யற காரியம். வளைவுல பிரேக் போடுறது கண் சிமிட்டுற நேரத்துல செய்யற காரியம். ரெண்டுக்கும் ஒரே வயசு பொருந்தணும்னு என்ன இருக்கு?

அமெரிக்காக்காரன் செஞ்சதுல எனக்குப் பிடிச்சது 21ஐ விட இன்னொண்ணு. 21க்குக் கீழ இருக்கிறவன் ஓட்டினா ரத்தத்துல 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் தொட்டாலே குத்தம்னு தனியா வச்சான், பெரியவங்களுக்கு பெரும்பாலான மாநிலங்கள்ல 80. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவுல 20 வயசுக்காரனுக்கும் 50 வயசுக்காரனுக்கும் ஒரே அளவுதான், 30 மில்லிகிராம். லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம் ஆனவனும் 30 வருஷமா லாரி ஓட்டுறவரும் ஒரே தட்டுல. 21 வரைக்கும் குடிக்கவே கூடாதுன்னு ஒரு விதி இருக்கிறப்போ, அந்த வயசுக்காரனுக்கு ஓட்டுறப்போ 30 வரைக்கும் பரவாயில்லன்னு இன்னொரு சட்டம் விடுறது எப்படி சரி? மாத்தச் சொல்லணும்னா நான் இதைத்தான் மாத்தச் சொல்வேன்.

சரி, இந்த 30ங்கிறது எவ்வளவுன்னு உங்க யாருக்கும் தெரியல, அதைச் சொல்றேன். 650 மில்லி பீர், ஸ்ட்ராங், 8 சதவீதம்னு வச்சுக்கோ, அதுல சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கு. 60 கிலோ பையன் ஒரு பாட்டிலை சட்டுனு முடிச்சா ரத்தத்துல கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் வரைக்கும் ஏறும், லிமிட் மாதிரி மூணு மடங்கு. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தின்னா 150 பக்கத்துல. அதுல பாதி, கட்டிங் 90 மில்லி அடிச்சாலே 70ஐத் தாண்டும். "ஒரு பீர்தானே மாமா"ன்னு என் ஆபீஸ்ல உக்காந்து சொல்றவங்களுக்கெல்லாம் நான் இந்தக் கணக்கை பேப்பர்ல போட்டுக் காமிப்பேன். இறங்குறது மணிக்கு சுமார் 15 மில்லிகிராம்தான், அதை வேகப்படுத்த வழியே கிடையாது. மோர் குடிச்சாலும், எலுமிச்சை கடிச்சாலும், தலையில தண்ணி ஊத்தினாலும், பிளாக் காபி குடிச்சாலும் ஈரல் அது வேகத்துலதான் வேலை பாக்கும். கொய்யா இலை மென்னா வாசனை போகும், ரத்தத்துல இருக்கிறது போகாது. ராத்திரி 10 மணிக்கு ஒரு குவார்ட்டர் முடிச்சவன் விடியக்காலம் 5 மணிக்கு எந்திரிச்சு ஊதினாக்கூட மாட்டுவான்.

ஏற்காடு ரோட்டுக்கு இதைப் பொருத்திப் பாரு. அடிவாரத்துலேர்ந்து 20 கொண்டை ஊசி வளைவு. சாயங்காலம் லேடீஸ் சீட் பக்கமோ பகோடா பாயிண்ட் பக்கமோ உக்காந்து, பிளாஸ்டிக் கப்புல ஊத்தி, வேகவேகமா முடிச்சுட்டு, இருட்டுறதுக்குள்ள இறங்கிடலாம்னு கிளம்புவாங்க. குடிச்ச உடனே முழுசா ஏறாது, வயித்துல இருக்கிறதைப் பொறுத்து அரை மணியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகும் உச்சத்துக்கு வர. மேல கிளம்புறப்போ "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்டா"ன்னு அவன் சொல்றது பொய்யில்ல, அப்போ அவன் நிஜமாவே ஓரளவு ஸ்டெடி. மலை இறங்க இறங்கத்தான் ரத்தத்துல ஏறிட்டே இருக்கு. பாதி மலையில, பனி மூடி, சாரல்ல ரோடு நனைஞ்சு, சவுக்கு மாதிரி நிக்கிற சில்வர் ஓக் மரத்து இலையெல்லாம் வளைவுல கொட்டிக் கிடக்கிற இடத்துல போதை உச்சத்துக்கு வருது. அதோட பெட்ரோல் மிச்சம்னு என்ஜினை அணைச்சுட்டு நியூட்ரல்ல இறங்குற பழக்கம் வேற. ஏறுற கியர்லதான் இறங்கணும், என்ஜின்தான் மலையில உண்மையான பிரேக், அதை அணைச்சுட்டு வெறும் பிரேக்கையே பிடிச்சுட்டு வந்தா சூடேறிப் பிடிக்காமப் போகும். கார்னா ஓரத்துச் சுவர்ல உரசியாவது நிக்கும். ரெண்டு சக்கரத்துல வளைவுல சாயுறப்போ தலை கொஞ்சம் சுத்தினாலே போச்சு.

இன்னொண்ணு, உன் வயசு உடம்பு பத்தி. பெரியவன் குடிச்சா தூக்கம் வரும், கால் பின்னும், அவனுக்கே தெரியும். உங்க வயசுல அந்த அசதி கம்மியாத்தான் தெரியும், ஆனா நிதானம் அதே அளவு போயிருக்கும். எச்சரிக்கை மணி அடிக்காத வயசு அது. ஆபத்தை எடைபோடுற மூளைப் பகுதி 25 வயசு வாக்குலதான் முழுசா வளருதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க. அதே அளவு ஆல்கஹால்ல, சின்ன வயசு டிரைவர் விபத்துல சிக்குறது பெரியவங்களை விட அதிகம்னு பல நாட்டுலயும் பார்த்திருக்காங்க.

மாட்டினா என்ன ஆகும்னு கேட்டே. 18 முடிஞ்சிருந்தா, முதல் தடவை 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 10,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். ரெண்டாவது தடவை 2 வருஷம் வரைக்கும், 15,000. லைசென்ஸ் குறைஞ்சது 3 மாசம் சஸ்பெண்ட். யாராவது செத்துட்டா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 106ஆவது பிரிவுல அஜாக்கிரதைக்கு 5 வருஷம் வரைக்கும், குடிச்சிருந்தது நிரூபணமானா 105ன்னு அதை விடப் பெரிய பிரிவே போட இடமிருக்கு.

18 ஆகலன்னா கதையே வேற. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 199ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. சிறுவன் ஓட்டி குத்தம் நடந்தா பெற்றோர் இல்லன்னா வண்டி ஓனர் குத்தவாளி, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 அபராதம், வண்டி பதிவு 12 மாசம் ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் எல்எல்ஆர்ங்கிற பழகுநர் லைசென்ஸ்கூட கிடையாது. எனக்குத் தெரியாதுன்னு அப்பா சொன்னாப் பத்தாது, தெரியாமத்தான் எடுத்தான், நான் தடுக்க முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்னு அவர்தான் நிரூபிக்கணும். 16 வயசுல ஓட்டலாம்னு சிலர் சொல்வாங்க, அது கியர் இல்லாத 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும், இன்னிக்கு எக்ஸ்எல் மொபெட் கூட 100 சிசி, அப்போ எதை ஓட்டுவான்?

ஒரு கேஸ் சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும். செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறை வச்சிருந்தவர். பையனுக்கு 17. அப்பா பைக்கை எடுத்துட்டு அதே தெருவுல இருந்த 19 வயசு நண்பனைப் பின்னாடி ஏத்திக்கிட்டு ஏற்காடு போனான், ரெண்டு பேரும் மேல குடிச்சாங்க, இறங்குறப்போ விழுந்தாங்க. ஓட்டினவனுக்கு கால் முறிஞ்சுது, பின்னாடி இருந்தவன் ஹெல்மெட் இல்லாம தலையில அடிபட்டு ஆம்புலன்ஸ்லயே போயிட்டான். செத்த பையனோட அம்மாவுக்காக நான் ஆஜரானேன்.

பட்டறைக்காரர் சாட்சிக் கூண்டுல ஏறி நின்னார். விரல் நுனியெல்லாம் பத்தவைக்கிற சூட்டுல கருத்துப் போயிருந்துச்சு, கூண்டு கட்டையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணை பண்றார். சாவி வீட்டுல எங்க இருக்கும்? கதவுக்குப் பின்னாடி ஆணியிலங்க. பையனுக்குத் தெரியுமா? தெரியும்ங்க. இதுக்கு முன்னாடி எடுத்திருக்கானா? கொலுசு குடுத்துட்டு வரச் சொல்லி நானே அனுப்புவேன்ங்க. அவ்வளவுதான், வக்கீல் உக்காந்துட்டார். அந்த ஒரு பதிலோட பட்டறைக்காரர் தரப்புக் கேஸ் முடிஞ்சுது. பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல, அதுக்காக நான் இன்னிக்கும் அந்த மனுஷனை மதிக்கிறேன்.

இதுல இன்சூரன்ஸ் எப்படி வேலை செய்யும்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2018 செப்டம்பர்லேர்ந்து புது டூவீலருக்கு 5 வருஷ தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ் கட்டாயம், அது இருக்கு இருக்குன்னு நினைச்சு மத்த கவரை புதுப்பிக்காம விட்டுடுறாங்க. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில டூவீலர்ல பின்னாடி உக்காந்தவனுக்கு கவர் கிடையாது, நம்ம வண்டி நஷ்டத்தையும் சேர்த்துப் பாக்குற பேக்கேஜ் பாலிசியிலதான் உண்டு. பேக்கேஜ் இருந்தாலுமே, லைசென்ஸ் இல்லாத சிறுவன் ஓட்டியிருந்தா, கம்பெனி முதல்ல குடும்பத்துக்குக் கட்டிட்டு பின்னாடி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னுதான் பெரும்பாலும் தீர்ப்பு வரும். எப்படிப் போனாலும் ஓனர் தலையிலதான் விழும்.

தொகை எப்படி வரும்னா, மாசம் 12,000 சம்பாதிச்சிருப்பான்னு கோர்ட் எடுத்துக்கிட்டா, எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்து 16,800. கல்யாணம் ஆகாத பையன், அதனால சொந்தச் செலவுன்னு பாதி கழிச்சு 8,400. 12 மாசம், இந்த வயசுக்கு கோர்ட் பெருக்குற வருஷக் கணக்கு 18. மொத்தம் 18,14,400. அதுக்கு மேல ஈமச்சடங்கு, பாச இழப்பு, மனு போட்ட நாள்லேர்ந்து வட்டி. அந்தக் கேஸ்ல பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும், அதனால மொத்தமும் பட்டறைக்காரர் பேர்ல வந்துச்சு. பட்டறையை வித்தார். நான் ஜெயிச்ச கேஸ் அது. தீர்ப்பு நகலை அந்தம்மா கையில குடுத்தப்போ, "இதை வாங்கி நான் என்னங்க பண்றது, தினம் அவங்க வீட்டு வாசல் குழாயிலதான் தண்ணி பிடிக்கிறேன்"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல, இப்பவும் இல்ல.

புனேல 2024 மே மாசம் 17 வயசுப் பையன் போர்ஷே கார்ல மோதி ரெண்டு இன்ஜினியருங்க செத்தது உனக்கு ஞாபகம் இருக்கும், முதல்ல 300 வார்த்தையில கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் குடுத்தாங்களே. நாடே கொதிச்சுது, சரிதான். ஆனா பணக்காரப் பையன், போர்ஷேன்னு பேசிப் பேசி, நம்ம வீட்டு ஆணியில தொங்குற சாவியும் அதே சாவிதான்னு யாரும் திரும்பிப் பாக்கல. அங்க மகாராஷ்டிராவுல குடிக்கிற வயசு நம்மளை விட அதிகம், 25, பீருக்கு 21. அதனால எதுவும் நின்னுச்சா?

சட்டத்தால ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்லல. நெடுஞ்சாலையிலேர்ந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15ல சொன்னது நம்ம தமிழ்நாட்டு வழக்குலதான், வழக்கறிஞர் பாலு போட்டது, அப்புறம் ஊர் எல்லைக்குள்ளன்னு தளர்வு குடுத்து அதுல பாதி கரைஞ்சு போச்சு. அடிவாரத்துலயும் குப்பனூர் வழியிலயும் சனி ஞாயிறு சாயங்காலம் இறங்குற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி ஊதச் சொன்னா போதும், ஒரு கோடை சீசன்ல பழக்கமே மாறும். ஆனா கீழ பிடிச்சா லேட்டு, 20 வளைவும் முடிஞ்சிருக்கும். மேலயே, இறங்க ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தணும்.

உனக்கு சொல்றது இதுதான். கூட வந்தவன் குடிச்சிருந்தா சாவியை வாங்கு, குடுக்கலன்னா பிடுங்கு, சண்டை வந்தா வரட்டும். பஸ் இருக்கு, சேலத்துக்கு இறங்கிடலாம், வண்டியை மறுநாள் எடுத்துக்கலாம். அவன் பின்னாடி மட்டும் ஏறாதே, ஏறினவங்க போட்டோதான் என் கேஸ் கட்டுல அதிகம். விபத்து ஆயிடுச்சுன்னா பயந்து ஓடாம 108க்கு அடி. முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவுல பாக்குற திட்டம் 2021 டிசம்பர்லேர்ந்து இருக்கு, பணம் இல்லன்னு யாரும் தயங்க வேண்டியதில்ல.

அப்பா அம்மா யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கு ஒண்ணு. என் தங்கச்சி பையன் காலேஜ் சேர்ந்த அன்னிக்கு அவன்கிட்ட சொன்னேன், எந்த நேரம் ஆனாலும் கூப்பிடு, வர்றேன், கேள்வி மறுநாள்தான் கேப்பேன், உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னு. ரெண்டு வருஷம் கூப்பிடவே இல்ல. போன மார்ச்ல ராத்திரி 11.40க்கு போன், "மாமா, கோரிமேட்டுல இருக்கோம்." போனேன். மூடின டீக்கடை திண்ணையில மூணு பேர் உக்காந்திருந்தாங்க, அதுல ஒருத்தன் வாந்தி எடுத்து முடிச்சிருந்தான், இவன் ரெண்டு பைக் சாவியையும் கையில இறுக்கிப் பிடிச்சுட்டிருந்தான். வர்ற வழியில கார்ல யாரும் பேசல. மறுநாள் 10 மணிக்கு டவுன் பஸ்ல போய் வண்டியை எடுத்துட்டு வந்தாங்க.